நெருக்கடிக்குப் பிறகு எழும் சின்ன நாடுகள்: நட்டம் யார் தலையில் விழுகிறது?

#1 மணிவண்ணன்

நண்பர்களே, சின்ன திறந்த பொருளாதாரங்கள் நெருக்கடியிலிருந்து மீள்வதைப் பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு கேள்வியில் போய் முட்டிக்கொள்கிறோம். நாணயத்தைச் சரியவிடுவதா, அல்லது அதைப் பிடித்து வைத்துக்கொண்டு சம்பளத்தையும் அரசுச் செலவையும் வெட்டுவதா? இது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி என்று எனக்குப் படுகிறது. முதல் கேள்வி, நட்டத்தை யார் ஏற்பது என்பது.

இந்த நாடுகள் உலகச் சந்தையில் எந்த விலையையும் தீர்மானிப்பதில்லை. எரிபொருள், மருந்து, உரம், இயந்திரம் எல்லாம் வெளியிலிருந்து வர வேண்டும். கடன் பெரும்பாலும் அடுத்தவர் நாணயத்தில் இருக்கும். அமெரிக்கா தன் கடனைத் தானே அச்சடிக்கும் டாலரில் திருப்பித் தரலாம். இவர்கள் அந்த டாலரைச் சம்பாதித்தாக வேண்டும். வெளிநாட்டுப் பணம் திடீரென்று நின்றால் வாழ்க்கைத் தரம் இறங்கித்தான் ஆகும். நாணயம் சரிந்தால் விலைவாசி வழியாக இறங்கும், சரியவிடாமல் பிடித்தால் சம்பளவெட்டு வழியாக இறங்கும்.

ஐஸ்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2008 அக்டோபரில் கிளிட்னிர், லான்ட்ஸ்பாங்கி, கௌப்திங் என்ற மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்துக்குள் விழுந்தன. அவற்றின் மொத்தச் சொத்துகள் நாட்டின் ஜிடிபியை (ஓராண்டு மொத்த உள்நாட்டு உற்பத்தியை)ப் போல ஏறக்குறைய பத்து மடங்கு. காப்பாற்ற நினைத்தாலும் அரசால் முடிந்திருக்காது. அக்டோபர் 6-ஆம் தேதி அவசரச் சட்டம் கொண்டுவந்து உள்நாட்டு வைப்புகளைப் புதிய வங்கிகளுக்கு மாற்றினார்கள். வைப்பாளர்களுக்கு முதலிடம் கொடுத்தார்கள். பழைய வங்கிகளின் கடன்பத்திரங்களை வைத்திருந்த வெளிநாட்டு முதலீட்டாளர்கள் நட்டத்தின் பெரும்பங்கை ஏற்றார்கள்.

லாட்வியா அதே ஆண்டு எதிர்த் திசையில் போனது. யூரோவோடு கட்டிய லாட்ஸ் நாணயத்தை விடவில்லை. ஏறக்குறைய 750 கோடி யூரோ வெளி உதவியோடு, அரசு ஊழியர் சம்பளத்தையும் மருத்துவமனைச் செலவையும் வெட்டியது. பொருளாதாரம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுருங்கியது. ஆனால் 2014-இல் யூரோவில் சேர்ந்துவிட்டது, அந்த வெட்டுகளைச் செய்த பிரதமர் வால்டிஸ் டோம்ப்ரோவ்ஸ்கிஸ் தேர்தலுக்குப் பிறகும் பதவியில் நீடித்தார்.

இரண்டு நாடுகளும் மீண்டன. அப்படியானால் நாணயக் கொள்கையை மட்டும் வைத்து எதை விளக்க முடியும்?

#2 அலைகடல்

மணி அண்ணா, நல்ல தொடக்கம். ஆனா "இரண்டும் மீண்டன"ன்னு ஒரே வரியில கடந்து போறதை என்னால ஏத்துக்க முடியலை. ஐஸ்லாந்துல வேலையின்மை 9 சதவீதத்தை ஒட்டிப் போய் நின்னது. லாட்வியாவுல 20 சதவீதத்தைத் தொட்டது. வேலையில்லாதவங்க பங்கு ரெண்டு மடங்குக்கு மேல.

நாணயம் பாதியா விழுந்தா எல்லாருடைய சம்பளமும் ஒரே நாள்ல கொஞ்சம் கொஞ்சம் குறையுது. வலி பரவலா விழும். நாணயத்தைப் பிடிச்சு வச்சா ஒவ்வொரு முதலாளியும் தனித்தனியா சம்பளத்தைக் குறைக்கணும். அது சுலபமா நடக்காது, அதனால ஆளைக் குறைப்பாங்க. பத்துப் பேர் ஆளுக்கு ஒரு பங்கு இழக்கிறதும், ரெண்டு பேர் மொத்தத்தையும் இழக்கிறதும் ஒண்ணா? நட்டம் யார் தலையிலன்னு கேக்குறீங்க. அந்தப் பங்கீட்டை முதல்ல செய்யறதே செலாவணி வீதம், அதாவது வெளிநாட்டு நாணயத்துக்கு எதிரா நம்ம நாணயத்தோட விலைதான். நீங்க ரெண்டாவதுன்னு ஒதுக்கினது உங்க முதல் கேள்விக்குள்ளேயே இருக்கு.

இன்னொண்ணு. மீன், அலுமினியம், அப்புறம் சுற்றுலான்னு ஐஸ்லாந்துக்கு டாலர் கொண்டுவர வழி இருந்தது. 2010-ல சுமார் 5 லட்சம் பேர் வந்த நாட்டுக்கு 2016-ல 18 லட்சம் பேர் வந்தாங்க. நாணயம் மலிவானதுக்கு இதுல பெரிய பங்கு உண்டு.

#3 வட்டிக்கணக்கு

நான் வங்கியில் கடன் பிரிவில் இருபது ஆண்டுகள் இருந்தவன். அலைகடல் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். மீதிப் பாதியில் கடன் ஒப்பந்தத்தைப் பிரித்துப் படிக்க வேண்டும்.

நாணயம் சரிந்தால் வலி பரவலாகும் என்பது எல்லாரும் சொந்த நாணயத்தில் கடன் வாங்கியிருந்தால்தான் உண்மை. ஐஸ்லாந்தில் வீட்டுக்கடனின் பெரும்பகுதி விலைவாசிக் குறியீட்டோடு கட்டப்பட்டிருந்தது. பணவீக்கம் ஏறினால் அசலே ஏறும். 2009 தொடக்கத்தில் பணவீக்கம் 18 சதவீதத்தைத் தாண்டியது. ஒழுங்காகத் தவணை கட்டிவந்த குடும்பத்துக்கும் ஆண்டு முடிவில் அசல் கூடியிருந்தது. வெளிநாட்டு நாணயத்தோடு கட்டிய கார்க்கடன், வீட்டுக்கடன் வாங்கியவர்கள் நிலை அதைவிட மோசம். 2010 ஜூனில் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட கடன் பிணைப்பு சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்த பிறகுதான் அவர்களுக்கு மூச்சு வந்தது.

அங்கே நாணயம் தன் போக்கில் மிதக்கவும் இல்லை. பணம் நாட்டை விட்டு வெளியேறாமல் தடுக்க 2008 நவம்பரில் போட்ட மூலதனக் கட்டுப்பாடுகளை 2017 மார்ச்சில்தான் பெருமளவு நீக்கினார்கள். தற்காலிகம் என்று சொன்னது எட்டு ஆண்டுகளைத் தாண்டியது.

லாட்வியாவிலும் இதே போலக் கடன் ஒப்பந்தத்தைப் பாருங்கள். அங்கே பெரும்பாலான கடன்கள் யூரோவில் இருந்தன. லாட்ஸை சரியவிட்டிருந்தால் சம்பளம் லாட்ஸில், தவணை யூரோவில் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரே இரவில் திவாலாகியிருக்கும்.

1990-களின் ஃபின்லாந்து இதற்கு இன்னும் தெளிவான சான்று. சோவியத் வணிகம் 1991-இல் நின்றுபோனது, 1992 செப்டம்பரில் தங்கள் நாணயமான மார்க்காவை மிதக்கவிட்டார்கள். ஏற்றுமதி நிறுவனங்கள் பிழைத்தன. ஆனால் வெளிநாட்டு நாணயத்தில் கடன் வாங்கி உள்ளூரில் மட்டுமே விற்ற நிறுவனங்கள் வரிசையாகச் சாய்ந்தன. 1990-இல் 3 சதவீதமாக இருந்த வேலையின்மை நான்கே ஆண்டுகளில் 16 சதவீதத்தைத் தாண்டியது. அந்தப் பழைய 3 சதவீதத்தை ஃபின்லாந்து பிறகு ஒருபோதும் பார்க்கவில்லை.

#4 செந்தாமரை

நீங்கள் எல்லாரும் வேலையின்மை விகிதத்தை வைத்துப் பேசுகிறீர்கள். அந்த எண் என்ன மறைக்கிறது என்று ஒரு நிமிடம் பாருங்கள்.

லாட்வியாவில் 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 23.8 லட்சம் பேர். 2011 கணக்கெடுப்பில் 20.7 லட்சம். பிறப்பு குறைந்ததும், ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும் அதில் உண்டு, எல்லாவற்றையும் நெருக்கடி தலையில் கட்டவில்லை. ஆனால் வெட்டுகள் வந்த ஆண்டுகளில் வெளியேற்றம் பெருகியது. போனவர்களில் பெரும்பாலோர் உழைக்கும் வயதினர். ஒருவர் விமானம் ஏறிவிட்டால் அவர் வேலையில்லாதோர் கணக்கிலிருந்து போய்விடுகிறார். விகிதம் இறங்குகிறது, அறிக்கையில் மீட்சி என்று எழுதுகிறார்கள்.

இலங்கையிலும் 2022-இல் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் பதிவு செய்து போனார்கள். அவர்கள் அனுப்பும் பணம்தான் அடுத்த ஆண்டு அந்நியச் செலாவணிக் கையிருப்பை நிமிர்த்த உதவியது, அதை மறுக்கவில்லை. ஆனால் போன மருத்துவரின் இடத்தை அந்தப் பணம் நிரப்பாது. அவர் கட்டியிருக்க வேண்டிய வருமான வரியை இங்கே மிஞ்சியிருப்பவர்கள் சேர்த்துக் கட்ட வேண்டும். வரி கூடினால் அடுத்தவரும் கிளம்புகிறார். பெரிய நாடு இந்தச் சுழலைத் தாங்கிக்கொள்ளும். 20 லட்சம் பேர் உள்ள நாட்டில் ஒரு துறையில் நானூறு பேர் போனாலே அந்தத் துறை படுத்துவிடும்.

#5 மணிவண்ணன்

அலைகடல், நீங்கள் சொன்னது சரி. செலாவணி வீதத்தை வெளியே வைத்துவிட்டு நட்டப் பங்கீட்டைப் பேச முடியாது. தொடக்கத்தில் அதை அவசரமாக எழுதிவிட்டேன். வட்டிக்கணக்கு ஐயா சொன்ன கடன் நாணயமும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கிறது.

ஆனாலும் என் மையமான கவலை அயர்லாந்தில் இருக்கிறது. 2008 செப்டம்பர் 30 அன்று, ஓர் இரவுக் கூட்டத்துக்குப் பிறகு, வங்கிகளின் வைப்பு, கடன்பத்திரம் உட்பட ஏறக்குறைய 44,000 கோடி யூரோ பொறுப்புகளுக்கு அரசு உத்தரவாதம் கொடுத்தது. கைப்பணத் தட்டுப்பாடுதான், வங்கிகள் திவாலாகவில்லை என்று நம்பினார்கள். கணக்கைத் திறந்து பார்க்கப் பார்க்க ஓட்டை பெரிதாகிக்கொண்டே போனது. கடைசியில் வங்கிகளுக்குள் போன பொதுப்பணம் சுமார் 6,400 கோடி யூரோ. மக்கள்தொகை 45 லட்சம் என்று வைத்தால் குழந்தை முதல் கிழவர் வரை தலைக்கு 14,000 யூரோ. 2010-இல் பட்ஜெட் பற்றாக்குறை ஜிடிபியில் 30 சதவீதத்தைத் தாண்டியது. அந்த ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்திடமும் ஐஎம்எஃபிடமும் (பன்னாட்டு நாணய நிதியம்) கடனுக்குப் போக வேண்டியதாயிற்று.

இங்கே நாணயத்தைச் சரியவிடும் வாய்ப்பே இல்லை, யூரோவுக்குள் இருந்தார்கள். ஆனால் வங்கிக்குக் கடன் கொடுத்தவரின் நட்டத்தை வரி கட்டுபவர் தலைக்கு மாற்றியது நாணயக் கொள்கை இல்லையே. அதை ஓர் இரவில் எடுத்த முடிவு செய்தது. ஐஸ்லாந்து அந்தச் சுமையைத் தூக்க முடியாத அளவுக்குச் சிறியதாக இருந்ததால் தப்பியது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

#6 புள்ளிவிவரம்

சின்ன திருத்தம் மாதிரி ஒண்ணு. அயர்லாந்து மீட்சியைப் பத்திப் பேசுறவங்க ஜிடிபியைக் காட்டினா நம்பாதீங்க. 2015-ல அந்த நாட்டு ஜிடிபி ஒரே வருஷத்துல 26 சதவீதம் வளர்ந்ததா அறிவிச்சாங்க. பன்னாட்டு நிறுவனங்கள் காப்புரிமை மாதிரியான சொத்துகளைக் கணக்குல அயர்லாந்துக்கு மாத்தினதுதான் முக்கியக் காரணம். அங்க வேலை பாக்கிறவங்க வருமானம் அப்படி ஒண்ணும் துள்ளலை. அதனால அவங்க புள்ளியியல் அலுவலகமே அந்த வீக்கத்தைக் கழிச்சு, திருத்திய தேசிய வருமானம்னு தனி அளவை 2017-ல கொண்டுவந்துச்சு.

கடனை ஜிடிபியால வகுத்துப் பாத்தா அயர்லாந்து ரொம்ப ஆரோக்கியமாத் தெரியும். அந்தத் திருத்திய அளவால வகுத்தா சுமை கணிசமாக் கூடும். எந்தச் சின்ன நாட்டோட மீட்சியைப் பேசினாலும் வகுக்கிற எண் எதுன்னு முதல்ல கேக்கணும்.

#7 கயல்விழி

இலங்கையை செந்தாமரை அக்கா தொட்டுவிட்டுப் போனார். எனக்கு அங்கே நிறையச் சொல்ல இருக்கிறது.

2022 ஏப்ரல் 12 அன்று வெளிக்கடன் தவணைகளை நிறுத்துவதாக அறிவித்தார்கள். ஆனால் அந்த நாளை 2019 இறுதியிலேயே எழுதிவிட்டார்கள் என்பேன். வாட் வரியை 15-இலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள், வருமான வரியிலும் பெரிய சலுகைகள் கொடுத்தார்கள். அரசு வருவாய் ஏற்கெனவே மெலிந்திருந்த நாடு அது. அடுத்து கொரோனா வந்தது, சுற்றுலா நின்றது, நாட்டின் கடன் தர மதிப்பீடு இறங்கியது, வெளிச்சந்தையில் கடன் வாங்கும் கதவு மூடியது. அப்போதும் டாலரை 200 ரூபாய்க்குப் பக்கத்தில் பிடித்து வைத்துக்கொண்டு, கையிருப்பைக் கரைத்துத் தவணை கட்டினார்கள். 2022 மார்ச்சில் பிடியை விட்டதும் இரண்டே மாதத்தில் 360-ஐத் தொட்டது. செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டியது.

அலைகடல் அண்ணா, நாணயம் விழுந்தால் வலி பரவலாகும் என்றீர்களே, எப்போது விழுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கையிருப்பு இருக்கும்போது மெல்ல இறக்கினால் நீங்கள் சொல்வது நடக்கும். கையிருப்பு தீர்ந்த பிறகு விழுந்தால் இறக்குமதிக்கே பணம் இருக்காது. எரிபொருளுக்கு வரிசை நின்றதும், மருத்துவமனைகளில் மருந்து தீர்ந்ததும் விலையால் வந்தவை இல்லை, டாலரே இல்லாததால் வந்தவை.

பிறகு நடந்ததை மணி அண்ணாவின் கேள்வியோடு பார்க்கிறேன். 2023 மார்ச்சில் ஐஎம்எஃப் சுமார் 300 கோடி டாலர் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. வாட் வரி 12, 15 என்று ஏறி 2024 ஜனவரியில் 18 சதவீதமானது. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் ஓய்வூதிய நிதிகள் கையில் இருந்த திறைசேரிப் பத்திரங்களை (அரசின் கடன்பத்திரங்களை) நீண்டகால, குறைந்த வட்டிப் பத்திரங்களாக மாற்றினார்கள். வங்கிகள் கையில் இருந்த திறைசேரிப் பத்திரங்களைத் தொடவில்லை. வெளிநாட்டுப் பத்திரக்காரர்களோடு பேச்சு முடிந்து மாற்றம் நடந்தது 2024 டிசம்பரில்தான். முதலில் கட்டியவர் கடையில் பொருள் வாங்கும் ஏழை. அடுத்தது மாதச் சம்பளத்தில் ஓய்வூதியத்துக்குச் சேமித்த தொழிலாளி. சந்தையில் அதிக வட்டிக்குக் கடன் கொடுத்தவர் கடைசி.

2024-இல் 5 சதவீத வளர்ச்சி என்பது உண்மைதான், பணவீக்கம் அடங்கியதும் உண்மைதான், அதற்குப் பின்னால் இருந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அதே நேரம் மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள்.

#8 வட்டிக்கணக்கு

கயல்விழி, உங்கள் ஆதங்கம் புரிகிறது அம்மா. வங்கிகளை ஏன் தொடவில்லை என்பதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். வங்கிப் பத்திரத்தில் கை வைத்தால் வங்கியின் மூலதனம் கரையும். மூலதனம் கரைந்த வங்கி என்று ஒரு செய்தி பரவினால் மறுநாள் காலை வாசலில் கூட்டம் நிற்கும். அந்தக் கூட்டத்தில் நிற்பவர்களும் சிறுசேமிப்புக்காரர்கள்தான்.

சைப்ரஸில் 2013 மார்ச்சில் முதல் திட்டம், காப்பீடு உள்ள சிறிய வைப்புகளிலும் 6.75 சதவீதம் பிடிப்பது. நாடாளுமன்றம் அதை நிராகரித்தது. வங்கிகள் பன்னிரண்டு நாள் மூடிக் கிடந்தன. பிறகு 1 லட்சம் யூரோவுக்கு உட்பட்டவர்களை விட்டுவிட்டு, பேங்க் ஆஃப் சைப்ரஸில் அதற்கு மேல் வைத்திருந்தவர்களின் காப்பீடு இல்லாத தொகையில் 47.5 சதவீதத்தைப் பங்குகளாக மாற்றினார்கள். லைக்கி வங்கியை மூடினார்கள். இரண்டாவது திட்டம் முதலாவதைவிட நியாயமானது. ஆனால் முதல் திட்டம் ஏற்படுத்திய பயம் போகவில்லை. பணத்தை வெளியே எடுப்பதற்கான கட்டுப்பாடுகள் 2015 ஏப்ரல் வரை நீடித்தன.

ஓய்வூதிய நிதி மீது சுமை ஏற்றியது சரி என்று நான் சொல்லவில்லை. அதில் பணம் போட்டவரால் ஓடிப்போய் எடுக்க முடியாது. ஓட முடியாதவர் மீது சுமை ஏற்றுவது நிர்வாகத்துக்கு எளிது. என் இருபது ஆண்டு அனுபவத்தில் எந்தக் கடன் மறுசீரமைப்பிலும் இதைத்தான் பார்த்திருக்கிறேன்.

#9 தென்றல்மொழி

யாராவது ஜமைக்காவைப் பேசுவார்கள் என்று காத்திருந்தேன். 2013-இல் கடன் ஜிடிபியில் 140 சதவீதத்துக்கு மேல். பத்தாண்டுக்குள் அதை ஏறக்குறைய பாதியாக்கினார்கள். போர், பெரும் பணவீக்கம், வெளிக்கடன் தள்ளுபடி எதுவும் இல்லாமல் ஒரு சின்ன நாடு இதைச் செய்தது அபூர்வம்.

விலை பெரியது. முதன்மை உபரி, அதாவது வட்டிச் செலவு நீங்கலாக அரசின் வரவு செலவைவிடக் கூடுதலாக இருப்பது, ஜிடிபியில் 7.5 சதவீதம் என்று இலக்கு. பள்ளிக்கும் சாலைக்கும் போக வேண்டிய பணம் அது. உள்நாட்டுப் பத்திரக்காரர்கள் 2010-இலும் 2013-இலும் இரண்டு முறை குறைந்த வட்டிக்கு மாற்றிக்கொண்டார்கள், அரசு ஊழியர்கள் சம்பள உறைவை ஏற்றார்கள். வளர்ச்சி பல ஆண்டுகள் மந்தமாகவே இருந்தது.

எப்படித் தாங்கினார்கள்? 2013-இல் அரசு, தொழிலதிபர், தொழிற்சங்கம் மூவரும் ஒப்பந்தம் போட்டார்கள். திட்டத்தைக் கண்காணிக்க அரசுக்கு வெளியே இருப்பவர்களும் சேர்ந்த குழு அமைந்தது. இலக்கை எட்டினோமா, எங்கே வழுக்கினோம் என்று அந்தக் குழு பொதுமக்களுக்கு வழக்கமாகச் சொல்லிக்கொண்டே வந்தது. 2016-இல் ஆட்சி மாறியது, பாதை மாறவில்லை. பங்கு எவ்வளவு என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது, அடுத்தவரும் தன் பங்கைக் கட்டுகிறார் என்பதும் கண்ணுக்குத் தெரிந்தது. கயல்விழி சொன்ன இலங்கை வரிசையில் இல்லாமல் போனது இதுதான் என நினைக்கிறேன்.

#10 அலைகடல்

தென்றல், இது எனக்குப் புதுசு, நன்றி. ஒரு சந்தேகம். மீட்சியோட நாலாவது, அஞ்சாவது வருஷம்தானே ஆபத்து? வட்டி இறங்கி, கடன் கிடைச்சு, அடக்கி வச்ச இறக்குமதி ஒரேயடியா வெடிக்கும். அப்ப கையிருப்பை எப்படிக் காப்பாத்துறது?

#11 வட்டிக்கணக்கு

ஐஸ்லாந்து இதில் நல்ல பாடம். சுற்றுலாவால் டாலர் குவிந்தபோது மத்திய வங்கி அதை வாங்கிக் கையிருப்பில் சேர்த்தது. அதிக வட்டி தேடி ஓடிவரும் பணம்தான் 2008-க்கு முன் அவர்களைக் கெடுத்தது. அதனால் 2016 ஜூனில், பத்திரச் சந்தைக்கு வரும் வெளிநாட்டுப் பணத்தில் 40 சதவீதத்தை வட்டியில்லாமல் கட்டி வைக்க வேண்டும் என்று விதித்தார்கள். சூடு தணிந்ததும் குறைத்து, 2019-இல் பூஜ்யமாக்கினார்கள். பணம் வெளியே ஓடும்போது கதவைச் சாத்துவதைவிட, உள்ளே வரும்போது வேகத்தைக் குறைப்பது மலிவு. நல்ல காலத்தில் இதைச் செய்ய அரசியல் துணிச்சல் வேண்டும், அப்போது எல்லாரும் மகிழ்ச்சியாக இருப்பார்கள்.

#12 மணிவண்ணன்

அடுத்த அடி எங்கிருந்து வரும் என்று தெரியாது என்பதையும் கடன் பத்திரத்திலேயே எழுதலாம். கிரெனடா 2015 மறுசீரமைப்பில் சூறாவளி வந்தால் தவணையைத் தள்ளிப்போடும் விதியைச் சேர்த்தது. 2024-இல் பெரில் சூறாவளிக்குப் பிறகு அதைப் பயன்படுத்தவும் செய்தது. பார்படாஸும் 2018-க்குப் பிந்தைய பத்திரங்களில் இதே போன்ற விதியை வைத்தது. இலங்கையின் புதிய பத்திரங்களில் சிலவற்றைப் பொருளாதார வளர்ச்சியோடு கட்டியிருக்கிறார்கள். எதிர்பார்த்ததைவிட நன்றாக வளர்ந்தால் கடன் கொடுத்தவருக்குக் கூடுதல் கிடைக்கும், மோசமானால் குறையும். அந்த வளர்ச்சிக் கணக்கு டாலரில் போடப்படுகிறது. ரூபாய் வலுவாக இருந்தாலே கணக்கு உயர்ந்துவிடும். உண்மை வளர்ச்சியையும் பார்க்க ஒரு நிபந்தனை சேர்த்திருக்கிறார்கள், அதுவரை நல்லது.

தென்றல் சொன்ன கண்காணிப்புக் குழு பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். இலங்கையில் அப்படியொன்று இருந்திருந்தால் ஓய்வூதிய நிதி முடிவு அதே வடிவில் வந்திருக்குமா என்று தெரியவில்லை.

#13 செந்தாமரை

அந்தக் குழுவின் அறிக்கையில் என்னென்ன எண்கள் இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், முதன்மை உபரிக்கும் கையிருப்புக்கும் பக்கத்தில் இன்னும் இரண்டு வரி கேட்பேன். இந்தக் காலாண்டில் பதிவை ரத்து செய்துகொண்டு வெளியேறிய செவிலியர்கள் எத்தனை பேர். பள்ளிக்கூடத்திலிருந்து நின்ற பிள்ளைகள் எத்தனை பேர். லாட்வியாவில் இந்த இரண்டையும் முதல் ஆண்டிலிருந்தே உபரிக்குப் பக்கத்தில் போட்டிருந்தால், மருத்துவமனை வெட்டில் எங்கே நிறுத்துவது என்ற பேச்சாவது நேரத்தோடு வந்திருக்கும். இலங்கைத் திட்டத்தின் மீளாய்வு அறிக்கைகளைத் தொடர்ந்து படிப்பவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள், அந்த வரிகளை எங்கே சேர்க்கச் சொல்லிக் கேட்பது என்று சேர்ந்து எழுதலாம்.